இடிப்பதற்கு முன் ஒரு வாரம் கொடுங்கள்

சேலம் மாநகராட்சி மேயர், ஆணையர், மாமன்ற உறுப்பினர்கள் ஆகியோருக்கு,

வணக்கம்.

செவ்வாய்பேட்டையில் பிறந்து, பதினைந்து ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கேமராவுடன் குகை, அம்மாப்பேட்டை, அக்ரகாரத் தெருக்களில் நடந்துவருபவன் என்ற ஒரே தகுதியில் இம்மடலை எழுதுகிறேன். பழைய கட்டடங்களை இடிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மழைக்கு ஒழுகும் ஓட்டுவீட்டில் குடியிருப்பவரிடம் அந்த வீட்டின் அழகைப் பற்றிப் பேசுவது அநியாயம் என்பதை அறிவேன். தெருவை அகலப்படுத்தவோ கட்டடத்தை இடிக்கவோ தாங்கள் நாள் குறிக்கும்போது, அதற்கு முந்தைய ஒரு வாரத்தை அந்த இடத்தைப் படமெடுத்து வைப்பதற்கென ஒதுக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

சேலம் நகராட்சி அமைந்த அதே 1866-ஆம் ஆண்டில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து நெருக்கடியான சந்துகளை இடித்துச் சீரமைக்க ஒரு சட்டம் வந்தது. அந்தப் பணிக்கென அமைந்த பொறுப்பாளர் குழுவே தாமஸ் ஆனன் என்ற படக்கலைஞரை அமர்த்தி, இடிபடவிருந்த சந்துகளை 1868 முதல் 1871 வரை படமெடுக்கச் செய்தது. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் எடுத்துக் கழுவ வேண்டிய காலம் அது. வெளிச்சம் குறைந்த சந்துகளில் நெடுநேரம் திறந்திருந்த லென்ஸின் முன் அசைந்தவர்கள் புகைபோலப் பதிந்திருக்கிறார்கள். அச்சந்துகளில் பெரும்பாலானவை இன்று இல்லை, படங்கள் இருக்கின்றன. ராஜாஜி 1917-இல் தலைவராகப் பொறுப்பேற்றபோது நம் நகராட்சியின் தெருக்கள் எப்படி இருந்தன என்று ஒரு பள்ளிப்பிள்ளை கேட்டால், காட்டுவதற்கு என்னிடம் ஒரு படம்கூட இல்லை.

சென்ற ஆண்டு செவ்வாய்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்குள் நின்றிருந்தேன். கூரையில் பதித்த ஒற்றைக் கண்ணாடி ஓட்டின் வழியே இறங்கிய வெளிச்சம், ஊதுகுழலைப் பிடித்திருந்தவரின் கைமேலும் பற்றவைப்பதற்காகப் பரப்பியிருந்த வெள்ளிச் சங்கிலிமேலும் மட்டும் விழுந்தது. மற்றதெல்லாம் கரி படிந்த இருட்டு. எடுத்த படத்தைக் காட்டியதும் அவர், “என் மூஞ்சி கிடக்கட்டும்ங்க, அந்தக் கண்ணாடி ஓடு விழுந்திருக்கா? எங்க தாத்தா பதிச்சதுங்க” என்றார். தொழிலும் கட்டடமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பதை அவரளவுக்கு என்னால் சொல்ல முடியாது. நெசவுத் தெருக்களும் அப்படித்தான். தறியில் நெடுக்காக ஓடும் பாவு நூலை நீட்டி விரித்துக் கஞ்சி போடத் தெருவின் நீளம் வேண்டும் என்பதால் அந்தத் தெருவே தறியின் ஓர் உறுப்பு.

என் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். மரத்தூண் திண்ணை வைத்த ஒரு வீட்டின்மேல் மார்கழி வெயில் சாய்வாக விழும், அப்போது எடுக்கலாம் என்று காத்திருந்தேன். கார்த்திகையிலேயே வீடு தகரத் தடுப்புக்குள் போய்விட்டது. (வெளிச்சத்திற்காகக் காத்திருப்பதாகச் சொல்லும் படக்காரர்களில் பாதிப்பேர் சோம்பேறிகள், என்னையும் சேர்த்துத்தான்.) தடுப்பின் இடுக்கில் கேமராவை நீட்டியபோது அங்கிருந்த மேற்பார்வையாளர், “புகார் கொடுக்கத்தானே எடுக்கிறீங்க?” என்று விரட்டினார். கேமராவைக் கண்டாலே வழக்கு வரும் என்ற அவருடைய அச்சத்தைத் தங்களின் ஓர் அறிவிப்பு நீக்கிவிடும்.

இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஊரில் கேமரா வைத்திருப்பவர்கள் ஊதியம் கேளாமல் வருவார்கள். தெருப்பெயர், கதவு எண், தேதி ஆகியவற்றுடன் படங்களை வாங்கி, யார் கேட்டாலும் பார்க்கும்படி மாநகராட்சியே வைத்திருந்தால் போதும். ஆளை எடுப்பதென்றால் அவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பதையும், அச்சிட்ட படம் ஒன்றை அவருக்குத் தர வேண்டும் என்பதையும் நிபந்தனையாகவே வையுங்கள். வறுமையைக் காட்சியாக்கும் படங்களை நானும் நிறையப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

இரண்டாம் அக்ரகாரத்திலிருந்து தொடங்கலாம். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் கூட்டம் சேரும் முன்பு என்றால் காலை ஏழு மணிக்கு அந்தத் தெரு ஓரளவு காலியாக இருக்கும், நான் வருகிறேன்.

இப்படிக்கு,
செவ்வாய்பேட்டைவாசி ஒருவன்