அக்டோபரில் கேம்பிரிட்ஜ் போகும் தம்பி தங்கைகளுக்கு

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

விசா வந்துவிட்டதா, குளிருக்கு எந்தக் கோட்டு வாங்குவது, பருப்புப்பொடி எத்தனை கிலோ கட்டுவது என்று இப்போது உங்கள் வீட்டில் ஒரே பரபரப்பாக இருக்கும். அந்தப் பட்டியலில் இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். நீச்சல் கற்றுக்கொண்டு போங்கள்.

போன முதல் வாரமே ஒவ்வொரு சங்கமும் மேசை போட்டு ஆள் சேர்க்கும். அதில் அதிகச் சத்தம் போட்டு உங்களைக் கூப்பிடுவது உங்கள் கல்லூரியின் படகுச் சங்கமாகத்தான் இருக்கும். இது துரைமார் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு, நாம் படிக்க வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டு வேகமாகக் கடந்து போவீர்கள். நானும் அப்படித்தான் போனேன், தப்பு. டிவியில் காட்டுகிறார்களே, ஆக்ஸ்ஃபோர்டோடு தேம்ஸ் நதியில் மோதுகிற பந்தயம், 1829-ல் ஆரம்பித்தது, அது வேறு. அங்கே ஒவ்வொருவரும் மலை மாதிரி இருப்பார்கள். கல்லூரிச் சங்கம் அப்படி இல்லை. முதல் பருவத்தில் புதியவர்களுக்கென்றே தனிப் படகுகள் இறக்குவார்கள், அதில் உட்கார்கிறவர்களில் பெரும்பாலோர் துடுப்பைக் கையால் தொட்டே பார்க்காதவர்கள்.

எனக்கு மனசு மாறியது இரண்டாவது வாரம். போய்க் கேட்டேன், 50 மீட்டர் நீந்திக் காட்டு என்றார்கள். நான் மதுரைப் பக்கம் வளர்ந்தவன், எனக்கு யாரும் நீச்சல் சொல்லித் தரவில்லை. அந்தப் பருவம் முழுக்க நான் நீச்சல் குளத்தில் இருக்க, என்னோடு சேர்ந்தவர்கள் எம்மா ஸ்பிரிண்ட்ஸ் என்ற புதியவர்கள் படகுப் பந்தயத்துக்கு வேஷம் கட்டிக்கொண்டு போனார்கள், டிசம்பரில் ஃபேர்பேர்ன் கோப்பைப் பந்தயத்திலும் துடுப்பு வலித்துவிட்டு வந்தார்கள். கரையில் நின்று பார்த்த அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. உங்களுக்கு அது வேண்டாம்.

படகில் ஏறினால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். காலை ஆறு மணி, இருட்டு, படகின் இரு முனையிலும் விளக்கு. எட்டுப் பேர் உட்காரும் படகு சுமார் 18 மீட்டர் நீளம், அகலமோ இடுப்பு நுழையும் அளவுதான், ஒருவர் தலையைச் சாய்த்தால்கூட மொத்தப் படகும் சாயும். துடுப்பு தண்ணீருக்குள் மாட்டிக்கொண்டால் அதை நண்டு பிடிப்பது என்பார்கள், முதல் மாதம் எல்லாரும் பிடிப்பார்கள். அப்புறம் ஒரு நாள், ஏன் என்றே தெரியாமல், எட்டுத் துடுப்பும் ஒன்றாகத் திரும்பி 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகத்தான் அடுத்த நாளும் ஐந்தரைக்கு எழுந்திருப்பீர்கள்.

இதெல்லாம் எதற்காக என்றால் பம்ப்ஸ் பந்தயத்துக்காக. கேம் நதி குறுகல், படகுகள் பக்கத்துப் பக்கத்தில் ஓட இடமில்லை. அதனால் ஒன்றின் பின் ஒன்றாக, ஒன்றரைப் படகு நீளம் இடைவெளி விட்டு நிறுத்துவார்கள். கரையில் கட்டிய சங்கிலியின் முனை, துடுப்பு வலிக்காமல் படகைத் திருப்பி, குரல் கொடுத்து நடத்துகிற காக்ஸின் கையில் இருக்கும். தொடங்க நான்கு நிமிடம் இருக்கும்போது ஒரு பீரங்கி, ஒரு நிமிடம் இருக்கும்போது இன்னொன்று, மூன்றாவது வெடித்ததும் சங்கிலியை விட வேண்டியதுதான். முன்னால் போகிற படகை இடிக்க வேண்டும், பின்னால் வருகிறவர்கள் நம்மை இடிக்குமுன். துடுப்பு வலிக்கிறவர்கள் பின்பக்கம் பார்த்து உட்காருவதால் நாம் துரத்துகிற படகு நம் கண்ணில் படாது, நம்மைத் துரத்துகிற படகுதான் முகத்துக்கு நேரே நெருங்கி வரும். முன்னால் போகிற படகுக்கு இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது கரையில் சைக்கிளில் கூட வருகிறவர்கள் ஊதும் விசிலை வைத்துத்தான் தெரியும்: ஒரு விசில் என்றால் ஒரு படகு நீளம், இரண்டு என்றால் பாதி, மூன்று என்றால் கால். மூன்று விசில் கேட்டபோது என் கால்களில் எங்கிருந்து அவ்வளவு பலம் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. இடித்ததும் ஓரம் ஒதுங்கி, கரையில் கிடைக்கிற இலை தழையை வெற்றிக்கு அடையாளமாகத் தலையில் செருகிக்கொண்டு திரும்பினோம்.

இடித்த படகும் இடிபட்ட படகும் மறுநாள் இடம் மாறும், நான்கு நாள் இப்படி நடக்கும். நான்கு நாளும் இடித்து முன்னேறினால் கல்லூரி வண்ணம் பூசிய துடுப்பில் எட்டுப் பேரின் பெயரும் காக்ஸின் பெயரும் எழுதி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இந்த வருடம் முடிகிற இடம்தான் அடுத்த வருடம் தொடங்குகிற இடம். 1827-லிருந்து வருகிற பந்தயம் இது, கொரோனாவில் நின்றுபோய்த் திரும்ப ஆரம்பித்தபோதும் பழைய வரிசையிலிருந்துதான் ஆரம்பித்தார்கள். நாங்கள் நின்ற இடம் நாங்கள் பார்த்தே இராத யாரோ வலித்து வாங்கிக் கொடுத்தது, நாங்கள் விட்டுவந்த இடத்தில் நாளைக்கு நீங்கள் நிற்கலாம். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது இதுதான்.

தங்கைகளுக்குத் தனியாக ஒன்று. நியூன்ஹாம் கல்லூரிப் பெண்கள் 1893-லேயே படகுச் சங்கம் தொடங்கிவிட்டார்கள், பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்ததோ 1948-ல். உயரம் குறைவு என்று தயங்க வேண்டாம், எடை குறைந்து குரல் கணீரென்று இருக்கிற காக்ஸுக்கு எல்லாக் கல்லூரியிலும் அலைகிறார்கள்.

அப்பா அம்மா கேட்பார்கள், அதனால் சொல்கிறேன். ஒன்பது மணி வகுப்புக்குத் திரும்பிவிடலாம். பம்ப்ஸ் பந்தயங்களில் ஒன்றுக்கு மே பம்ப்ஸ் என்று பெயர் இருந்தாலும் அது நடப்பது ஜூனில், பரீட்சை முடிந்த பிறகு. விருந்துகளில் குடி உண்டு, நான் கடைசிவரை ஜூஸ்தான் குடித்தேன், என் படகில் யாரும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் மறுத்துவிடுங்கள், கேப்டனிடமும் சொல்லுங்கள். 1888-ல் ஒரு படகின் கூர்முனை குத்தி ஒரு மாணவர் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் படகு முனையில் ரப்பர் பந்து மாட்டுவது கட்டாயமானது, படகில் ஏறுமுன் அந்தப் பந்து இருக்கிறதா என்று நீங்களும் ஒரு தடவை பாருங்கள்.

புறப்பட இன்னும் சில வாரங்கள் இருக்கும். சென்னையில் இருக்கிறவர்களுக்கு மெரினா நீச்சல் குளம், ஊரில் இருக்கிறவர்களுக்குக் கிணறும் நீந்தத் தெரிந்த ஒரு மாமாவும். நாளைக் காலையே ஆரம்பித்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் அந்த ஆற்றில் வலித்த ஒரு அண்ணன்