நங்கூரம் வாங்க முதல் கயிற்றை அளந்து பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, முல்லைத்தீவிலிருந்து வணக்கம்.

வாடைக் காற்றுத் தொடங்க இன்னும் சில கிழமைகள்தான் இருக்கின்றன. இந்தக் காலத்தில் கடைக்கு வருகிற பலர் ஒரே கதையோடுதான் படியேறுவார்கள். "அண்ணை, நங்கூரம் இழுபடுது. இதைவிடப் பாரமானது ஒண்டு தாங்கோ." கடைக்காரனுக்கு இதைவிட லேசான வியாபாரம் இல்லை. ஆனாலும் நாங்கள் உடனே எடுத்துத் தருவதில்லை. "எத்தினை பாகத் தண்ணியிலை எத்தினை பாகம் கயிறு விட்டனீங்கள்?" என்று கேட்கிறோம். ஒரு பாகம் என்றால் ஆறடி. சிலருக்கு அது கோபம். காசு தருகிறவனிடம் கணக்குக் கேட்கிறார்களே என்று வெளியில் போய்ச் சொன்னதும் எங்கள் காதுக்கு வந்தது. ஏன் கேட்கிறோம் என்று சொல்லத்தான் இந்த மடல்.

இன்னொரு காரணமும் உண்டு. வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து 20, 23 அடியில் சின்னப் பாய்ப்படகு வாங்கியவர்களும், திருகோணமலைப் பக்கமிருந்து பாய் விரித்து வருகிறவர்களும் இப்போது எங்களிடம் சாமான் கேட்கிறார்கள். மீன்பிடி வள்ளத்துக்குப் பழகிய கணக்கு அவர்களுக்கு அப்படியே சரிவராது. பாய்மரமும் கம்பிக் கயிறுகளும் பாயை இறக்கிய பிறகும் காற்றைப் பிடிக்கும். படகு நங்கூரத்தில் நேராக நிற்காமல் இடமும் வலமும் அலையும். ஒவ்வொரு முறையும் பக்கத்தைக் காற்றுக்குக் காட்டித் திரும்பும்போது கயிற்றில் வெடுக்கென்று ஒரு இழுவை விழும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அந்த இழுவை நாலு மடங்காகும்.

நங்கூரம் படகைப் பிடிப்பது பாரத்தால் அல்ல, மண்ணுக்குள் புதைவதால். மாடு கட்டுகிற முளையை நினைத்துப் பாருங்கள். மாடு பக்கவாட்டில் எவ்வளவு இழுத்தாலும் முளை நிற்கும். நீங்கள் குனிந்து மேலே இழுத்தால் இரண்டு உலுக்கில் வந்துவிடும். கடலடியிலும் அதுதான் நடக்கிறது. கயிறு கட்டையானால் இழுவை மேல்நோக்கிப் போகிறது, நங்கூரம் பிடுங்குப்படுகிறது.

கணக்கைப் பாருங்கள். மூன்று பாகத் தண்ணீர் என்றால் 18 அடி. அதோடு தண்ணீரிலிருந்து அணியத்தின், அதாவது படகின் முன்முனையின், உயரம் 3 அடியைக் கூட்ட வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். நீரேற்றத்துக்கு 2 அடி போட்டால் மொத்தம் 23 அடி. முழுவதும் சங்கிலி என்றால் இதன் ஐந்து மடங்கு, அதாவது 115 அடி விட வேண்டும். கொஞ்சம் சங்கிலியும் மிச்சம் கயிறும் என்றால் ஏழு மடங்கு, 161 அடி, ஏறக்குறைய 27 பாகம். காற்று ஏறினால் பத்து மடங்கு வரை விடலாம். போன மாதம் பாரமான நங்கூரம் கேட்டு வந்த ஒருவர் அதே மூன்று பாகத்தில் விட்டிருந்தது பத்துப் பாகம். அந்தக் கயிறு விறைத்து நிற்கும்போது நங்கூரத்தை 22 பாகை சரிவில் மேலே இழுக்கும். ஏழு மடங்கு விட்டிருந்தால் 8 பாகைதான். அவர் புது நங்கூரம் வாங்கவில்லை, கயிறு வாங்கிக்கொண்டு போனார்.

நீளமாக விட்டால் படகு சுற்றுகிற வட்டமும் பெரிதாகும் என்பது உண்மை. பக்கத்தில் கட்டைக் கயிற்றோடு நிற்கிறவர் அந்த அளவுக்குச் சுற்றமாட்டார், சண்டை வரும். மாரியில் வட்டுவாகல் முகத்துவாரம் வெட்டி நந்திக்கடல் களப்புத் தண்ணீர் கடலுக்கு ஓடுகிற நாட்களில் இன்னொரு வில்லங்கம். அடியில் ஆழமான ஏராக் கட்டை உள்ள பாய்ப்படகு நீரோட்டத்துக்குத் திரும்பி நிற்கும், வெறும் வள்ளம் காற்றுக்குத் திரும்பி நிற்கும். அங்கே தள்ளி நிற்பது தவிர வேறு வழி இல்லை.

இனிக் கயிறு. பச்சையும் நீலமுமாகக் கடையில் தொங்குகிற மிதக்கிற கயிற்றை வலைக்கு வேண்டிய அளவு தருவோம். நங்கூரத்துக்கு என்று கேட்டால் தரமாட்டோம். மலிவுதான். ஆனால் அது தண்ணீருக்கு மேலே மிதந்து அடுத்தவரின் எஞ்சின் காத்தாடியில் சிக்கும், வெயிலில் நார் நாராக உரியும், இழுத்தாலும் பெரிதாக நீளாது. நங்கூரத்துக்கு நைலோன்தான். அது அடியில் தாழும், வெடுக்கென்ற இழுவையை நீண்டு வாங்கிக்கொள்ளும். நனைந்தால் பத்துப் பதினைந்து வீதம் பலம் குறையும் என்பதால் ஒரு அளவு தடிப்பாகவே வாங்குங்கள். 23 அடிப் படகுக்கு 12 மில்லிமீற்றர், மூன்று புரிக் கயிறு போதும். கைக்கும் பிடி கிடைக்கும்.

கயிற்றுக்கும் நங்கூரத்துக்கும் நடுவில் சங்கிலி ஏன் என்று கேட்கிறவர்களுக்கு: கல்லிலும் சிப்பியிலும் தேய்வது சங்கிலியாக இருக்கட்டும், கயிறாக வேண்டாம். 8 மில்லிமீற்றர் சங்கிலி மீற்றருக்கு ஏறக்குறைய 1.4 கிலோ. பத்து மீற்றர் போட்டால் சாதாரணக் காற்றில் அது நிலத்திலேயே படுத்து இழுவையைத் தட்டையாக வைத்திருக்கும். ஆனால் சங்கிலியின் பாரமே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். பலத்த காற்றில் அதுவும் கம்பி மாதிரி விறைக்கும். அப்போது கைகொடுப்பது கயிற்றின் நீட்சிதான். அதனால் முழுச் சங்கிலி வைத்திருப்பவர்கள் நாலைந்து பாகம் நைலோனைச் சங்கிலியில் கொளுவி, இழுவை அந்தக் கயிற்றில் விழும்படி அணியத்தில் கட்டிவிடுங்கள்.

முடிச்சுப் போட்ட இடத்தில் கயிறு தன் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழக்கலாம். கண் வைத்துப் பின்னினால் இழப்பு மிகக் குறைவு. அந்தக் கண்ணுக்குள் இரும்பு வளையம் வைத்து, அதில் சக்கிளை, அதாவது கயிற்றையும் சங்கிலியையும் நங்கூரத்தையும் இணைக்கிற, ஆணி போட்டு மூடுகிற இரும்புக் கொளுவியை, மாட்ட வேண்டும். எங்களிடம் வாங்குகிற கயிற்றுக்குப் பின்னல் கூலி இல்லை.

சக்கிளின் ஆணியைக் கம்பியால் கட்டுங்கள். இதை அழுத்திச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. சில வருடங்களுக்கு முந்திய ஒரு மாரியில் என் படகு விடியும்போது நின்ற இடத்தில் இல்லை, கரையில் ஏறிக் கிடந்தது. இழுத்துப் பார்த்தால் சங்கிலி முழுசாக இருக்கிறது, முனையில் நங்கூரம் இல்லை. அலைச்சலில் ஆணி தானாகவே திருகிக் கழன்றிருக்கிறது. கடைக்காரன் வீட்டுச் சக்கிளே இப்படி என்று ஊர் சிரித்து முடிய ஒரு மாதம் சென்றது. ஒரு துண்டுக் கம்பியின் வேலை.

நங்கூர வகைகளைப் பற்றி நீளமாக எழுதவில்லை. இங்கே ஒட்டித் தருகிற நாலு கொக்கி நங்கூரம் கடலடிப் பாறைத்திட்டான பாருக்கும் கல்லுக்கும் நல்லது, மணலில் வாருகோல் மாதிரி வாரிக்கொண்டு வரும். இரண்டு தட்டை அலகுள்ள டான்போர்த் மணலிலும் சேற்றிலும் தன் பாரத்துக்கு மிஞ்சிப் பிடிக்கும், ஆனால் காற்றுத் திசை மாறினால் பிடுங்குப்பட்டு, மறுபடி பதியாமல் போகலாம். கலப்பை நங்கூரம் 1933 இல் ஜி. ஐ. டெய்லர் என்ற இங்கிலாந்துப் பௌதிக அறிஞர் கடல் விமானங்களுக்காகச் செய்தது. அவரும் பாய்ப்படகு ஓட்டியவர். திசை மாறினாலும் திரும்பிக்கொண்டு பிடிக்கும். ஒன்றே ஒன்று வாங்கக்கூடிய 23 அடிப் படகுக்காரருக்கு நான் 7, 8 கிலோவில் கலப்பையைத்தான் காட்டுவேன். சாதாளை என்கிற கடற்புல் படுக்கையில் எதுவும் ஒழுங்காகப் பதியாது. விடத்தல்தீவு, நாச்சிக்குடாப் பக்கம் போகிறவர்கள் தண்ணீருக்குள் வெளிறித் தெரிகிற மணல் திட்டைப் பார்த்துப் போடுங்கள். அந்தப் புல் கடற்பசுவின் சாப்பாடும்கூட.

போடும்போது படகு நின்ற பிறகு இறக்குங்கள், எறிய வேண்டாம். சங்கிலியை ஒரே குவியலாகக் கொட்டினால் அது நங்கூரத்தின் மேலேயே விழுந்து சிக்கும். படகு காற்றில் பின்னே போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, முழுவதும் விட்ட பிறகு எஞ்சினைப் பின்னுக்குப் போட்டு மெல்ல இழுத்துப் பாருங்கள். கரையில் ஒரு பனையையும் அதற்குப் பின்னால் ஒரு கோபுரத்தையும் நேர்கோட்டில் பிடித்து வைத்தால், இழுபடுகிறதா என்று கண்ணுக்கே தெரியும். இருட்டில் கயிற்றைத் தொட்டுப் பாருங்கள். நங்கூரம் இழுபட்டால் கயிறு கறகறவென்று நடுங்கும். எக்காரணத்துக்காகவும் பின்பக்கத்தில் கட்டி நிற்க வேண்டாம். எஞ்சின் பாரத்தில் தாழ்ந்த பக்கத்தால் அலை உள்ளே ஏறும், சின்ன வள்ளம் நிமிடத்தில் நிறையும்.

முள்ளிவாய்க்கால் பக்கம் நிற்பவர்கள் நங்கூரத்தின் தலைப்பகுதியில் மெல்லிய கயிறு ஒன்றைக் கட்டி, மிதப்போடு விடுங்கள். 2006 இல் தரைதட்டிய ஃபாரா 3 கப்பல் அந்தக் கரையில் வருடக்கணக்காகக் கிடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். போர் நடந்த கரை அது, அடியில் என்ன இரும்பு கிடக்கிறது என்று மேலேயிருந்து தெரியாது. மாட்டினால் அந்தக் கயிற்றால் பின்பக்கமாக இழுத்து எடுக்கலாம்.

புயல் எச்சரிக்கை வந்தால் இந்த மடலை மறந்துவிடுங்கள். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி வந்ததுபோல் ஒன்று வருமென்றால், இழுக்கக்கூடிய படகைக் கரையில் உயர இழுத்துக் கட்டுவதுதான் வேலை.

பழைய சங்கிலியைச் சாக்கில் போட்டுக் கொண்டுவாருங்கள், வளையம் வளையமாக அளந்து பார்ப்போம். தடிப்பில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் மாற்றச் சொல்வோம். நாகப்பூச்சுப் போய்த் துரு மட்டும் பிடித்திருந்தால் இன்னும் ஒரு மாரிக்குப் போதும் என்று திருப்பி அனுப்புவோம். கயிற்றில் ஐந்து பாகத்துக்கு ஒரு நிறநூல் கட்டித் தருவதும் இந்த மாதம் முழுக்க இலவசம். வரும்போது உங்கள் அணியத்தின் உயரத்தை அளந்துகொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்,
முல்லைத்தீவு