செயலாளர் ஆண்டறிக்கை 2025: இடமாற்றப் பதிவேட்டில் சேர்த்தவையும் திருத்தியவையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பகுதிகளிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நமது மோட்டார் சைக்கிள் பந்தய ரசிகர் மன்றத்தின் 2025 ஆம் ஆண்டு அறிக்கையை இப்பேரவையின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார் என்பதால் அதற்குள் நான் நுழையவில்லை.

மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் உச்ச உலக வகுப்பான மோட்டோ ஜிபி பந்தயங்களை ஒன்றாக அமர்ந்து பார்க்கும் ஏற்பாடு இவ்வாண்டும் வடசேரியில் உள்ள நம் மாடி அறையில் தொடர்ந்தது. ஐரோப்பியப் பந்தயங்கள் பெரும்பாலும் நமக்கு மாலை 5.30 மணிக்குத் தொடங்குவதால் வேலைக்குச் செல்வோருக்கும் வசதியாக இருந்தது. ஆனிச் சாரலில் மின்சாரம் போன இரு மாலைகளில் மட்டும் கடைசிச் சுற்றுகளை ஒரு கைப்பேசியைச் சுற்றி நின்று பார்க்க வேண்டியதாயிற்று. ஜப்பான் பந்தயம் ஞாயிறு முற்பகலில் வந்ததால், கோயிலுக்கும் தேவாலயத்திற்கும் சென்று வந்தவர்கள் பாதியில்தான் வந்து சேர்ந்தார்கள். ஆயினும் மார்க் மார்க்கேஸ் பட்டத்தை உறுதி செய்த கணத்தை யாரும் தவறவிடவில்லை.

இந்த அறிக்கையின் பெரும்பகுதியை மன்றத்தின் இடமாற்றப் பதிவேட்டுக்கே ஒதுக்குகிறேன். எந்த வீரர் எந்த அணியிலிருந்து எந்த அணிக்குச் சென்றார், எந்த ஆண்டு சென்றார், என்ன வண்டி கிடைத்தது என்று நாம் எழுதி வரும் நீள நோட்டு அது. சென்ற ஆண்டறிக்கையில் அந்தப் பதிவேட்டை அடிப்படையாக வைத்து நான் இரண்டு கணிப்புகள் சொல்லியிருந்தேன். முதலாவது, நடப்புச் சாம்பியன் ஹோர்ஹே மார்ட்டின் தான் புதிதாகச் சேர்ந்த அப்ரிலியா அணியை முன்வரிசைக்கு இழுத்து வருவார், அவருடன் சேரும் மார்கோ பெசெக்கி துணை வீரராகவே இருப்பார் என்பது. இரண்டாவது, டுகாட்டியின் தொழிற்சாலை அணியில், அதாவது வண்டி தயாரிக்கும் நிறுவனமே நேரடியாக நடத்தும் அணியில், பிரான்செஸ்கோ பன்யாயாவும் மார்க் மார்க்கேஸும் சமமாக மோதுவார்கள் என்பது. இரண்டுமே பொய்த்தன. மார்ட்டின் பெரும்பாலான பந்தயங்களில் ஓடவே இல்லை. பெசெக்கி சில்வர்ஸ்டோன், போர்ச்சுகல், வலென்சியா பந்தயங்களை வென்று பட்டியலில் மூன்றாம் இடம் பிடித்தார். மார்க்கேஸ் ஆண்டின் ஐந்து பந்தயங்கள் மீதமிருக்கும்போதே பட்டம் வென்றார். பன்யாயா ஐந்தாம் இடத்தில் நின்றார். ஏன் தவறினோம் என்று செயற்குழு கேட்டதற்கு நான் அளித்த விளக்கத்தையே இங்கு விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் 2024 ஜூன் மாதத்திற்குப் போக வேண்டும். டுகாட்டியின் தொழிற்சாலை அணியில் பன்யாயாவுக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. பிராமாக் என்ற தனியார் அணியில் டுகாட்டி ஓட்டிக்கொண்டிருந்த மார்ட்டின் அதற்கு உரிமையுள்ளவராகக் கருதப்பட்டார். 2022 இலும் இதே இடத்திற்கு அவரைத் தாண்டி எனேயா பாஸ்டியானினி தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். கிரெசினி என்ற மற்றொரு தனியார் அணியில் முந்தைய ஆண்டின் டுகாட்டியை ஓட்டிக்கொண்டிருந்த மார்க்கேஸைப் பிராமாக்கிற்கு அனுப்பலாம் என்பது ஒரு யோசனை. இத்தாலியின் முஜெல்லோ பந்தய வாரத்தில் மார்க்கேஸ், பிராமாக் தனக்கு ஒரு தேர்வே அல்ல என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். சில நாட்களுக்குள் மார்ட்டின் அப்ரிலியாவில் கையெழுத்திட்டார், டுகாட்டி மார்க்கேஸை அறிவித்தது. தொடர்ந்து பாஸ்டியானினி கேடிஎம் வண்டிகளை ஓட்டும் டெக்3 அணிக்குப் போனார், அப்ரிலியாவிலிருந்த மாவெரிக் வின்யாலெஸும் அங்கேயே சென்றார், முன்பே ஓய்வை அறிவித்திருந்த அப்ரிலியாவின் அலெஷ் எஸ்பர்கரோ முழுநேரப் பந்தயத்திலிருந்து விலகி ஹோண்டாவின் சோதனை ஓட்டுநரானார், பிராமாக் அணியே டுகாட்டியை விட்டு யமஹாவுக்கு மாறியது. ஆசிரியப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இது இடமாறுதல் கலந்தாய்வை நினைவூட்டியது. ஒருவர் ஓர் இடத்தை வேண்டாம் என்று சொன்னால், அந்த ஒரு சொல்லால் பத்துப் பேரின் ஊர் மாறிவிடும். நம் பதிவேட்டில் இவை ஆறு தனித்தனி வரிகளாகக் கிடக்கின்றன. உண்மையில் இது ஒரே வரி.

மார்ட்டினைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். 2024 இல் அவர் 508 புள்ளிகள் பெற்று, 498 பெற்ற பன்யாயாவை வென்று சாம்பியனானார். மோட்டோ ஜிபி என்ற பெயர் வந்த 2002 க்குப் பிறகு தொழிற்சாலை அணியைச் சேராத ஒருவர் பட்டம் வென்றது அதுவே முதல் முறை. சாம்பியனுக்கு உரிய ஒன்றாம் எண்ணை எடுத்துக்கொண்டு அவர் அப்ரிலியாவுக்குச் சென்றார். 2025 பிப்ரவரியில் மலேசியாவின் செபாங் சோதனை ஓட்டத்தின் முதல் நாளிலேயே விழுந்து கை எலும்பு முறிந்தது. தேறி வரும்போது, முதல் பந்தயத்திற்குச் சில நாட்கள் முன்பு, பயிற்சியில் மீண்டும் விழுந்து மற்றொரு கையில் அடிபட்டார். ஏப்ரலில் கத்தாரில் திரும்பி வந்தவர், விழுந்து கிடக்கையில் பின்னால் வந்த வண்டி மோதி விலா எலும்புகள் பல முறிந்து, நுரையீரலும் பாதிக்கப்பட்டு, அந்நாட்டு மருத்துவமனையில் படுத்தார்.

அங்கிருந்துதான் ஒப்பந்தத் தகராறு தொடங்கியது. இரண்டாண்டு ஒப்பந்தமாயினும், முதல் ஆறு பந்தயங்களில் முடிவுகள் குறிப்பிட்ட அளவுக்கு வராவிட்டால் முதலாண்டு இறுதியில் விலகலாம் என்ற ஒரு விதி அதில் இருந்தது. மார்ட்டின் அந்த விதியைப் பயன்படுத்தி விலகப்போவதாக மே மாதம் அறிவித்தார். வண்டியை ஏறத்தாழ ஓட்டியே பார்க்காத ஒருவருக்கு அந்த விதி பொருந்தாது, 2026 க்கும் ஒப்பந்தம் செல்லும் என்று அப்ரிலியா மறுத்தது. தகராறு தீராமல் அவரை வேறு அணியில் ஏற்க முடியாது என்று பந்தய அமைப்பாளர்களும் சொன்னார்கள். ஜூலையில் செக் நாட்டின் பிர்னோ பந்தயத்திற்குத் திரும்பி வந்த மார்ட்டின், அப்ரிலியாவிலேயே இருப்பதாக அறிவித்தார். செப்டம்பரில் ஜப்பானின் மொட்டேகியில், முதன்மைப் பந்தயத்திற்கு முன் நடக்கும் குறும்பந்தயத்தில், முதல் வளைவிலேயே விழுந்து, தன் அணித் தோழரான பெசெக்கியையும் இழுத்துப் போட்டு, காறை எலும்பை முறித்துக்கொண்டார்.

இந்தக் கதையை நம் அறையில் பேசும்போது கருத்து இரண்டாகப் பிரிந்தது. மார்த்தாண்டத்தில் பட்டறை நடத்தும் உறுப்பினர், வேலைக்கு வந்த பையன் முதல் நாளே கையைக் காயப்படுத்திக்கொண்டு, ஆறாம் நாள் கூலி போதவில்லை என்று நின்றால் யார் ஒப்புவார் என்று கேட்டார். குளச்சல் உறுப்பினர், ஓட்டுநருக்குத் தெரியாத வண்டியில் அவர் எலும்பு முறிந்திருக்கிறது, அந்த அச்சத்தை ஒப்பந்தக் காகிதம் தீர்க்காது என்றார். என் எண்ணம் பட்டறைக்காரர் பக்கம்தான். ஆனால் பாதிப் பருவத்தில் கசப்போடு வெளியேறியவர்களும் இந்த விளையாட்டில் உண்டு. 2021 இல் யமஹாவிலிருந்த வின்யாலெஸ் ஆஸ்திரியாவில் நடந்த ஸ்டைரியப் பந்தயத்திற்குப் பின் அணியால் இடைநிறுத்தம் செய்யப்பட்டு, சில வாரங்களில் அப்ரிலியாவுக்கு மாறினார். அதே அப்ரிலியாவில்தான் அவர் 2024 இல் ஆஸ்டின் பந்தயத்தை வென்று, சுசுகி, யமஹா, அப்ரிலியா என மூன்று நிறுவன வண்டிகளில் வென்ற முதல் மோட்டோ ஜிபி வீரரானார்.

விட்டுப் போவது துரோகமா என்ற பேச்சு ஆண்டுதோறும் வரும், இவ்வாண்டும் வந்தது. மார்க்கேஸ் ஹோண்டாவை விட்டுச் சென்றதை இன்னும் மன்னிக்காத உறுப்பினர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்குத் தக்கலை உறுப்பினர் ஒருவர் அளித்த பதிலைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: “நம்முடைய தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் 1956 நவம்பர் 1 இல் ஒரு மாநிலத்தை விட்டு இன்னொரு மாநிலத்திற்கு வந்தவைதானே? அதை நாம் விழாவாக அல்லவா கொண்டாடுகிறோம்?” அறை முழுவதும் சிரித்தது. பேச்சு அத்துடன் நின்றது.

மார்க்கேஸின் செய்தியைப் பதிவேடு எப்படிச் சொல்கிறது என்றால், “2024: ஹோண்டாவிலிருந்து கிரெசினி டுகாட்டிக்கு” என்று ஒரே வரியில் சொல்கிறது. அந்த வரியில் எழுதப்படாதவை பல. 2013 முதல் 2019 வரை ஏழு ஆண்டுகளில் ஆறு முறை பட்டம் வென்றவர், 2020 ஜூலையில் ஹெரேஸில் வலது மேற்கை எலும்பை முறித்தார். அந்தக் கையில் நான்கு அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. நான்காவது 2022 ஜூனில் அமெரிக்காவில் நடந்தது. ஒப்பந்தம் 2024 வரை இருந்தும், ஓராண்டு முன்னதாக விடுவிக்கக் கேட்டு வெளியேறினார். தன் தலைமை மெக்கானிக் சான்டி ஹெர்னாண்டஸை ஹோண்டாவிலேயே விட்டு வந்தார். 2024 செப்டம்பர் 1 அன்று ஆரகோனில் வென்றபோது, அதற்கு முந்தைய வெற்றியிலிருந்து 1,043 நாட்கள் கடந்திருந்தன.

அந்த ஆண்டு அவருடைய வண்டியைக் கவனித்த தலைமை மெக்கானிக் பிராங்கி கார்செடி. அவர் 2020 இல் சுசுகியில் ஜோவான் மிர் பட்டம் வென்றபோது அவருடன் இருந்தவர். 2022 முடிவில் சுசுகி பந்தயத்தை விட்டே விலகியது. மிர், அலெக்ஸ் ரின்ஸ் இருவரும் ஹோண்டாவுக்குப் போனதை நாம் பதிவேட்டில் எழுதினோம். கார்செடி கிரெசினிக்குப் போனதை எழுதவில்லை. 2023 இல் கத்தாரில் ஃபாபியோ டி ஜன்னான்டோனியோ தன் முதல் வெற்றியைப் பெற்றது அவர் கவனித்த வண்டியில்தான், மறு ஆண்டு மார்க்கேஸ் வந்து அமர்ந்ததும் அவர் கவனிப்பில்தான். கலைந்துபோன ஒரு தொழிற்சாலை அணியிலிருந்து வெளியேறிய மனிதர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்று நாம் பார்த்திருந்தால், கிரெசினியை எளிய தனியார் அணி என்று 2024 தொடக்கத்தில் தள்ளியிருக்க மாட்டோம்.

இது புதிய பாடமும் அல்ல. 2003 முடிவில் வாலன்டினோ ரோஸி ஹோண்டாவிலிருந்து யமஹாவுக்குச் சென்றபோது, தலைமை மெக்கானிக் ஜெரமி பர்ஜெஸையும் உடன் அழைத்துச் சென்றார். ஆண்டு இறுதி வரை ஹோண்டா அவரைப் புதிய வண்டியில் ஏற விடவில்லை; ஜனவரியில்தான் முதன்முதலாக ஓட்டினார். ஆயினும் 2004 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவின் வெல்கோமில் முதல் பந்தயத்திலேயே வென்றார், ஆண்டு முடிவில் பட்டமும் பெற்றார். அதே பர்ஜெஸ் 2011 இல் அவருடன் டுகாட்டிக்கும் சென்றார். இரண்டு ஆண்டுகளில் ஒரு வெற்றியும் கிடைக்கவில்லை. ஆகவே மெக்கானிக் ஒருவரே போதும் என்றும் சொல்லிவிட முடியாது. சென்ற ஆண்டு மார்ட்டினுடன் டேனியேலே ரோமன்யோலி அப்ரிலியாவுக்குச் சென்றதைப் பார்த்து நான் துணிந்து கணித்ததும் அந்தப் பழைய வெல்கோம் நினைவால்தான். வண்டியை ஓட்டும் உடல் நன்றாக இருந்தால்தானே மற்றவை என்பதை அப்போது யோசிக்கவில்லை.

நம் நாட்டோடு தொடர்புள்ள இரு செய்திகளையும் இங்குச் சேர்க்கிறேன். 2023, 2024 ஆகிய இரு ஆண்டுகளும் பட்டத்திற்கு மோதிய பன்யாயாவும் மார்ட்டினும் 2015, 2016 இல் சிறிய எஞ்சின் வண்டிகளுக்கான மோட்டோ3 வகுப்பில் ஒரே அணியில் நம் மகிந்திரா வண்டிகளை ஓட்டியவர்கள். 2016 இல் நெதர்லாந்தின் அசென் பந்தயத்தில் பன்யாயா வென்றது மகிந்திராவின் முதல் கிராண்ட் பிரீ வெற்றி. மறு ஆண்டோடு அந்நிறுவனம் விலகிவிட்டது. நம் இளைய உறுப்பினர்களில் பலருக்கு இது தெரியாமல் இருந்தது எனக்கு வருத்தமே. மற்றொன்று, ஆஸ்திரியாவின் கேடிஎம் 2024 நவம்பரில் கடன் மறுசீரமைப்பு நடவடிக்கைக்குள் சென்றபோது, பெட்ரோ அக்கோஸ்டா எங்கே போவார் என்ற பேச்சு பருவம் முழுவதும் ஓடியது. புனேயின் பஜாஜ் நிறுவனம் பணம் கொண்டு வந்து அதைக் கரையேற்றியது. அக்கோஸ்டா அங்கேயே இருந்து நான்காம் இடம் பெற்றார்.

2026 க்கான மாற்றங்கள் குறைவு. பதிவேட்டில் அரைப் பக்கம்தான் நிரம்பியது. கடையில் விற்கும் வண்டிகளை அடிப்படையாகக் கொண்ட சூப்பர்பைக் பந்தயத்தின் உலகப் பட்டத்தை மூன்று முறை வென்ற துருக்கி வீரர் தோப்ராக் ரஸ்கத்லியோலு பிராமாக் யமஹாவுக்கு வருகிறார்; அவருக்கு இடம் விட்ட மிகெல் ஒலிவேரா எதிர்த்திசையில் சூப்பர்பைக்கின் பிஎம்டபிள்யூ அணிக்குப் போகிறார். ஹோண்டா வண்டிகளை ஓட்டும் எல்சிஆர் அணியில் சோம்கியத் சந்த்ராவின் இடத்தில் பிரேசிலின் டியோகோ மொரேரா அமர்கிறார். இந்த அமைதிக்குக் காரணம் 2027. அந்த ஆண்டில் 1000 சிசி எஞ்சின் 850 சிசி ஆகிறது, வண்டியின் உயரத்தைத் தாழ்த்தும் கருவிகள் தடை செய்யப்படுகின்றன, மிஷெலின் டயருக்குப் பதில் பிரெல்லி வருகிறது. பெரும்பாலான வீரர்களின் ஒப்பந்தம் 2026 உடன் முடிகிறது. எந்த நிறுவனம் நல்ல 850 வண்டி செய்யும் என்று யாருக்கும் தெரியாத நிலையில், வண்டியைப் பார்க்காமலேயே வீரர்கள் கையெழுத்திட வேண்டியிருக்கும். அந்தப் பக்கங்களை நிரப்பும்போது நான் எந்தக் கணிப்பும் எழுதப்போவதில்லை.

செயற்குழு பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கும் தீர்மானங்கள் இவை. இடமாற்றப் பதிவேட்டில் தலைமை மெக்கானிக்குக்கு ஒன்று, ஒப்பந்தக் காலத்திற்கும் அதன் விலகல் விதிக்கும் ஒன்று, மாறும் நேரத்தில் வீரருக்கு இருந்த காயத்திற்கு ஒன்று என மூன்று பத்திகள் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். 2003 முதல் உள்ள பக்கங்களைத் தக்கலை, குளச்சல் உறுப்பினர்கள் திருத்தி எழுத இசைந்துள்ளார்கள். மாடி அறைக்கு ஓர் இன்வெர்ட்டர் வாங்க வேண்டும். அதற்கான விலைப்புள்ளிகளைப் பொருளாளர் வாசிப்பார். சென்ற ஆண்டறிக்கையில் மார்ட்டின், பெசெக்கி குறித்து நான் எழுதிய வரிகளை அழிக்காமல், பக்கத்தில் திருத்தம் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறேன். அதையும் பேரவை பதிவு செய்துகொள்ளுமாறு கேட்டு இவ்வறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்
நாகர்கோவில்