பூங்கா இடத்த காலி பண்ணுங்க, வாய்க்கால தொறந்து விடுங்க: முதல் ஃபேஸ் 2வது தெருல இருந்து புகார்

மேனேஜர் சார், வணக்கம்.

கடலூர் நெல்லிக்குப்பம் ரோட்ல நீங்க போட்ட லே-அவுட்ல முதல் ஃபேஸ், 2வது தெருல உங்ககிட்ட வீடு வாங்கி குடியிருக்கோம். சைட் இன்ஜினியர்கிட்ட சொல்லியாச்சு, ஆபீஸ்க்கு நேர்லயே வந்தும் சொல்லியாச்சு, ஒவ்வொரு தடவையும் "வேலை முடிஞ்சதும் எடுத்துடுவோம் மேடம்"னு சொல்லி அனுப்பிடறாங்க, அதனாலதான் எழுத்துல போடறேன்.

டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவ் பண்ண பிளான்ல பூங்கானு போட்டிருக்கற இடத்துல இப்ப உங்க ரெண்டாவது ஃபேஸ் வேலைக்கான ஜல்லி, எம்-சாண்ட், கம்பி, சென்ட்ரிங் ஷீட் எல்லாம் கெடக்குது. எங்க வீட்டு கேட்டுக்கு நேர் எதிர. நாங்க தெனம் படற கஷ்டம் எல்லாத்துக்கும் ஆரம்பம் அந்த இடம்தான்.

இந்த வீட்ட ஏன் வாங்கினோம்னு உங்களுக்கு தெரியணும். என் மாமனார் என்.எல்.சி.ல வேலை பாத்து ரிட்டையர் ஆனவரு. நெய்வேலி குவார்ட்டர்ஸ காலி பண்ணணும், ஆனா டவுன்ஷிப்ல மரமும் நிழலுமா இருந்து பழகினவங்க, மஞ்சக்குப்பம் பக்கமோ திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்ட் பக்கமோ போய் அந்த சத்தத்துல இருக்க முடியாதுனு சொன்னாரு. அதுக்காகவே ஊர விட்டு கொஞ்சம் தள்ளி தேடினோம். உங்க புரோஷர்ல "அமைதியான சூழல், பூங்கா எதிரில்"னு போட்டு, பார்க் ஃபேசிங்னு சொல்லி சதுர அடிக்கு கூடுதலா வேற வாங்கினீங்க. அவரோட ரிட்டையர்மெண்ட் பணம், மேல எங்க ஹோம் லோன், அதுல வாங்கின வீடு சார் இது. தாய் பத்திரம், பட்டா, 30 வருஷ வில்லங்கம் எல்லாம் வக்கீல வச்சு பாத்துட்டுதான் கையெழுத்து போட்டோம்.

இப்ப விடியறதுக்கு முன்னாடி, இருட்டா இருக்கும்போதே டிப்பர் வந்துடுது. ரிவர்ஸ் எடுக்கற பீப் சத்தம், அப்பறம் ஜல்லிய மொத்தமா கொட்டற சத்தம், ஜன்னல் கண்ணாடி அதிருது. பகல்ல டைல்ஸ் கட்டிங் மெஷின். தண்ணி ஊத்தி அறுக்கறதில்ல, காயவே அறுக்கறாங்க, அந்த வெள்ளை தூசி மொட்டை மாடில காயப்போட்ட துணி மேல, துளசி மேல, மூடி வச்ச தண்ணி டிரம் மேல எல்லாம் மாவு மாதிரி படிஞ்சிருக்கு. மாமனாருக்கு வீசிங் இருக்கு, சாயங்காலம் வாசல்ல சேர் போட்டு உக்காரணும்னு ஆசைப்பட்டவரு இப்ப கதவ சாத்திட்டு உள்ளயே இருக்காரு. எனக்கு இதான் ரொம்ப மனசு கஷ்டமா இருக்கு. குடியிருப்பு பகுதில ராத்திரி 10 மணில இருந்து காலைல 6 மணி வரைக்கும் 45 டெசிபல்தான் அளவுனு 2000ம் வருஷ ஒலி மாசு விதில இருக்கு, டிப்பர் லோடு கொட்டறது அதுக்குள்ள எப்படி சார் வரும்.

இதவிட பெருசு தண்ணி விஷயம். கடலூர்ல வீடு வாங்கறவங்க முதல்ல கேக்கறதே மழைக்கு தண்ணி நிக்குமாங்கறதுதான், ஒரு பக்கம் தென்பெண்ணை ஒரு பக்கம் கெடிலம் ஓடற ஊரு, 2011 தானே புயல், 2015 வெள்ளம் ரெண்டையும் பாத்தவங்க நாங்க, 2024 டிசம்பர்ல ஃபெஞ்சலுக்கு அப்பறம் சாத்தனூர் அணை தண்ணி தென்பெண்ணைல வந்தப்ப என்ன ஆச்சுனு உங்களுக்கும் தெரியும். அதனாலதான் புக்கிங் போடும்போதே கேட்டோம். உங்க சேல்ஸ் ஆளு பூங்கா ஓரமா இருக்கற வாய்க்கால காட்டி "மழைத்தண்ணி இதுல எறங்கி போயிடும்"னு சொன்னாரு. அது உண்மையும்கூட, முதல் மழைக்கு தண்ணி அப்படியே வடிஞ்சுது. அந்த வாய்க்கால் மேலதான் இப்ப லாரி போறதுக்கு கிராவல் கொட்டி மேடு போட்டிருக்கீங்க, அடில ஒரு குழாய்கூட பதிக்கல. ரெண்டாவது ஃபேஸ் மொத்தமும் எங்க ரோட்ட விட ஒசரமா ரொப்பிட்டீங்க. போன ஐப்பசி மழைல அங்க விழுந்த தண்ணியும் சேந்து எங்க தெருவுக்கு வந்து, போற வழி இல்லாம வாசப்படி வரைக்கும் நின்னுச்சு, செப்டிக் டேங்க் நிரம்பி பாத்ரூம்ல எதுத்துக்கிச்சு. பக்கத்து வீட்டு அக்கா கைக்குழந்தைய தூக்கிட்டு அவங்க அம்மா வீட்டுக்கே போயிட்டாங்க.

"எங்க இடம்தானே மேடம், கொஞ்ச நாளைக்கு வச்சிருக்கோம்"னு உங்க சூப்பர்வைசர் சொல்றாரு. உங்க இடம் இல்ல சார். 10,000 சதுர மீட்டருக்கு மேல போற லே-அவுட்ல ரோடு போக மீதில 10 சதவீதம் பூங்காவுக்குனு ஒதுக்கி உள்ளாட்சிக்கு தானமா எழுதி குடுத்தாதான் அப்ரூவலே வரும். நீங்களும் பஞ்சாயத்துக்கு எழுதி குடுத்திருக்கீங்க, காப்பி எங்க பத்திரத்தோட சேத்து நீங்களே குடுத்ததுதான். எழுதி குடுத்த இடத்துல மெட்டீரியல் போட உங்களுக்கு என்ன உரிமை இருக்கு?

வீடு, மனை விக்கற பில்டர்களுக்கான 2016 ரெரா சட்டத்துலயும் தெளிவா இருக்கு. விளம்பரத்துல தப்பா சொன்னத நம்பி பணம் போட்டு நஷ்டப்பட்டா 12வது பிரிவு, அப்ரூவ் ஆன பிளான்படிதான் செய்யணும்னு 14வது பிரிவு. அதே 14ல, வீட்ட ஒப்படைச்ச 5 வருஷத்துக்குள்ள கட்டுமானத்துல குறை வந்தா சொன்ன 30 நாளைக்குள்ள காசு வாங்காம சரி பண்ணணும்னும் இருக்கு, எங்க கிச்சன் வெளிச்சுவர்ல விரிசல் விட்டிருக்கறத அதுல சேத்துக்கோங்க, போட்டோ இணைச்சிருக்கேன்.

வாய்க்கால் மேல இருக்கற கிராவல உடனே எடுக்கணும், அடுத்த வடகிழக்கு மழைக்கு முன்னாடினு இழுக்கறது வேணாம், கோடை மழைக்கே தண்ணி நிக்கும். லாரி போயே ஆகணும்னா பெரிய குழாய் பதிச்சு மேல மேடு போடுங்க. பூங்கா இடத்துல இருக்கற மெட்டீரியல் எல்லாம் உங்க ரெண்டாவது ஃபேஸ்லயே காலி மனைல போடுங்க, அங்க இடம் நெறைய இருக்கு. அதுவரைக்கும் காலைல 6 மணிக்கு முன்னாடி வண்டி வரக்கூடாது, டைல்ஸ தண்ணி ஊத்திதான் அறுக்கணும். பூங்காவுக்கு வேலி, மரக்கன்று, ரெண்டு பெஞ்ச், நீங்க புரோஷர்ல காட்டினது அவ்வளவுதான், அத செஞ்சு குடுங்க.

பதில் மெயில்லயே தேதி போட்டு வேணும், போன்ல வேணாம். 15 நாளைக்குள்ள வரலைனா பிளான் காப்பி, புரோஷர், மழை அன்னைக்கு எடுத்த வீடியோ எல்லாம் வச்சு டிஎன் ரெரால (தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) புகார் போடறோம், பஞ்சாயத்துக்கும் கலெக்டர் ஆபீஸ் திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துக்கும் மனு தயாரா இருக்கு. எங்க தெருல இருக்கற எல்லா வீட்டுக்காரங்களும் கையெழுத்து போட்டிருக்காங்க, அந்த பேப்பரையும் இதோட அனுப்பறேன்.

இப்படிக்கு,
முதல் ஃபேஸ், 2வது தெரு, பூங்கா எதிர் வீடு