கலப்பினக் குஞ்சுகளைப் 'பேடு' என்று விற்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் சிறு வளவு உள்ளவர்களும் வீட்டு முட்டைக்கென நாலைந்து கோழிகளை வளர்க்கத் தொடங்கியிருக்கும் இந்நாளில், ஒருநாள் வயதுக் கலப்பினக் குஞ்சுகளைப் 'பேடு மட்டும்' என்று கூறிக் கூடுதல் விலைக்கு விற்கும் வழக்கம் குறித்து எழுத விரும்புகிறேன். சென்ற ஆண்டு நான் அவ்வாறு வாங்கிய 12 குஞ்சுகளில் 7 சேவலாக வளர்ந்தன. முட்டை கிடைக்காதது போகட்டும். அதிகாலை 4 மணிக்கே அவை போட்டியிட்டுக் கூவியதால் மதிலுக்கு அப்பால் இருப்பவர்கள் எங்களுடன் முகங்கொடுத்துப் பேசுவதையே நிறுத்திவிட்டனர்.

விற்றவரிடம் கேட்டபோது, இறக்கையைப் பார்த்துப் பிரித்ததாகச் சொன்னார். இறகு நீளத்தைக் கொண்டு ஆண், பெண் என்று பால் பிரிக்கும் முறை உண்மையில் உண்டு. ஆனால் அது, விரைவாக இறகு முளைக்கும் சேவலையும் தாமதமாக முளைக்கும் பேட்டையும் தெரிந்தெடுத்து இணைத்துப் பெற்ற பண்ணைக் குஞ்சுகளுக்கே பொருந்தும். தாயும் தகப்பனும் இன்ன இனமென்று தெரியாத கலப்பில், நீண்ட இறகுள்ள குஞ்சு விரைவில் இறகு விடுகிறது என்பதற்கு மேல் எதையும் சொல்ல முடியாது.

நிறத்தைக் கொண்டு பிரிப்பதிலும் இதே குழப்பந்தான். மனிதரில் பிள்ளையின் பாலைத் தந்தை தீர்மானிப்பது போலன்றி, கோழியில் அதைத் தீர்மானிப்பது தாய். சேவலுக்கு இசட் எனப்படும் நிறமூர்த்தம் (குரோமோசோம்) இரண்டு, பேட்டுக்கு ஒன்றே. பேடு தன்னுடைய அந்த ஒரேயொரு இசட்டை மகன்களுக்கு மட்டுமே கொடுக்கிறது. இறகில் வரி விழும் பண்பும் இந்த இசட்டிலேயே இருக்கிறது. ஆகவே வரியுள்ள பிளைமவுத் றொக் இனப் பேட்டை றோட் ஐலண்ட் றெட் இனச் சேவலுடன் இணைத்தால், தாயின் வரிப் பண்பு ஆண் குஞ்சுகளுக்கே சென்று, அவற்றின் கறுப்பு உச்சந்தலையில் வெண்பொட்டாகத் தெரியும், பொட்டில்லாதவை பேடுகள். சேவல் வரியுள்ளதாகவும் பேடு வரியில்லாததாகவும் மாறினால் இரு பாலுக்கும் பொட்டு வந்துவிடும். இவ்வாறு பிறந்தவற்றைத் தமக்குள் மீண்டும் இணைத்தாலோ, அடுத்த தலைமுறையில் அந்த அடையாளம் பயனற்றுப் போகும். பண்ணைகளின் தவிட்டு நிற முட்டைக் கோழிகளில் முதற்தலைமுறைப் பேட்டுக் குஞ்சு தவிட்டு நிறமாகவும் ஆண் குஞ்சு வெளிறியும் இருப்பதைக் கண்டவர்கள், அவற்றின் வழிவந்த கலப்புகளுக்கும் அதே கணக்கைப் போடுவதே தவறு.

கழிவுவாயைப் பார்த்துப் பிரிக்கும் முறையை ஜப்பானில் மசுயி, ஹஷிமோட்டோ ஆகிய ஆய்வாளர்கள் 1920களில் வகுத்தனர். அதற்கு நீண்ட பயிற்சி வேண்டும். பழக்கமில்லாத கை அழுத்தினால் குஞ்சுக்குத் தீங்கு நேரும். கூர் முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பேடு என்ற நம்பிக்கைக்கும் ஆதாரமில்லை. எங்கள் அம்மம்மா கூர் முட்டைகளையெல்லாம் கறிக்கு ஒதுக்கி, உருண்டையானவற்றையே அடை வைப்பார்; வளவில் சேவலுக்குக் குறைவிருந்ததாக எனக்கு நினைவில்லை.

எனவே கலப்பினக் குஞ்சு வாங்குபவர் பாதிக்குப் பாதி சேவல் வரும் என்று எண்ணியே வாங்க வேண்டும். முதல் வாரத்தில் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் சூடு தேவை, எல்.இ.டி. மின்குமிழ் வெளிச்சம் தருமே தவிரப் போதிய சூடு தராது. குஞ்சுகள் விளக்கடியில் நெருக்கியடித்தால் குளிர், ஓரங்களுக்கு விலகினால் வெப்பம் மிகுதி. முட்டைக்கோழித் தீவனத்தில் கல்சியம் அதிகமாதலால் அதைக் குஞ்சுகளுக்குப் போடக் கூடாது. ஆறாவது வார அளவில் ஆண் குஞ்சின் கொண்டை பெருத்துச் சிவக்கத் தொடங்கும். ஆனால் சண்டைக்கோழிக் கலப்பில் கொண்டை சிறியதாகையால் அதை மட்டும் நம்பி முடிவு செய்ய இயலாது. மூன்றாவது மாத அளவில் முதுகின் பின்புறத்தில் முளைக்கும் இறகு கூராகவும் பளபளப்பாகவும் இருந்தால் அது சேவல், நுனி வட்டமாக இருந்தால் பேடு. இந்த அடையாளம் பெரும்பாலும் பொய்ப்பதில்லை.

விற்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பெற்றோரின் இனம் தெரியாத குஞ்சுகளைப் 'பால் பிரிக்காதவை' என்று எழுதிவைத்து, அதற்குரிய விலைக்கே விற்கட்டும். பேடுதான் வேண்டுமென்பவர்களுக்கு மூன்று மாதம் வளர்த்த விடலைகளைக் கூடுதல் விலைக்குக் கொடுக்கட்டும். அந்த விலையைக் கொடுக்க என்னைப் போன்றவர்கள் தயங்க மாட்டோம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மட்டக்குளி, கொழும்பு-15.