மருந்துச் சீட்டை மடித்து வைத்திருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

டாக்டர் அறையில் அளந்த பிரஷர் (ரத்த அழுத்தம்) முதல் தடவை 162/98, பத்து நாள் கழித்து 156/94. இரண்டு தடவையும் கைப்பட்டை இறுக ஆரம்பித்ததுமே நெஞ்சு படபடத்தது, உள்ளங்கை வேர்த்தது என்று எழுதியிருக்கிறாய். பிரஷரைக் குறைக்கும் அம்லோடிபின் 5 மில்லிகிராம், தினம் ஒன்று என்று சீட்டும் கையில் இருக்கிறது. போடவா வேண்டாமா என்று கேட்கிறாய்.

அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு முடிவுக்கு வராதே. பயத்தில் ஏறியதுதான், எனக்குப் பிரஷரே இல்லை என்று நீயாகத் தீர்மானித்துவிடவும் கூடாது. நடுவில் ஒரு வார வேலை இருக்கிறது. அதைச் செய்துவிட்டு வருகிறேன் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய். சர்க்கரை, சிறுநீரகம், இதயம் என்று ஏற்கெனவே ஏதாவது தொந்தரவு இருந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் அவர் சொல்வதைக் கேள். மாத்திரையை ஆரம்பித்துவிட்டிருந்தால் நீயாக நிறுத்தாதே.

பயம் வந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகவும் அழுத்தமாகவும் அடிக்கும், ரத்தக் குழாய்கள் சுருங்கும். மேல் எண் 20, 30 ஏறுவது சாதாரணம். கையை அசைத்தாலோ முதலில் ஏற்றிய காற்று போதாவிட்டாலோ கருவி மறுபடி காற்றேற்றும். இரண்டாம் தடவை பட்டை இன்னும் இறுகும்போது, ஏதோ பெரிதாக ஆகிவிட்டது என்று மனசு பதறும். அந்தப் பதற்றமும் சேர்ந்துதான் திரையில் எண்ணாக வருகிறது.

அதனால் வீட்டில் அளக்க வேண்டும். மணிக்கட்டில் கட்டுகிற கருவி வேண்டாம், மேல்கையில் கட்டுவதை வாங்கு. வாங்கும் முன் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் டேப் வைத்துச் சுற்றளவு பார். உன் கை 35 செ.மீ. இருந்து, பட்டையில் 22–32 என்று போட்டிருந்தால் அது உனக்குச் சிறியது. சிறிய பட்டை எண்ணைக் கூட்டித்தான் காட்டும். இந்த ஒரு தவறாலேயே மாத்திரை தின்பவர்கள் உண்டு.

அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி, டீ, சிகரெட், உடற்பயிற்சி எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வா. முதுகு சாய்ந்திருக்க, இரண்டு பாதமும் தரையில் பதிந்திருக்க, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார். சட்டைக் கையின் மேல் கட்டாதே. பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு மூன்று செ.மீ. மேலே, இதய மட்டத்தில் இருக்கட்டும், கையை மேஜையில் தளர்வாக வை. கை கீழே தொங்கினாலும், நடுவில் ஒரு வார்த்தை பேசினாலும் எண் ஏறும்.

காலையில் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை, நடுவில் ஒரு நிமிட இடைவெளி. ஏழு நாளில் 28 அளவுகள் கிடைக்கும். முதல் நாளின் நான்கையும் தள்ளிவிடு, அன்றைக்குக் கருவி புதுசு, பயமும் புதுசு. மீதி 24-க்கும் மேல் எண்ணுக்குத் தனியாக, கீழ் எண்ணுக்குத் தனியாகச் சராசரி போடு.

உன்னைப் போல் பதறுகிறவர்கள் தவறுவது இங்கேதான். இரண்டாவது கூடுதலாக வந்ததே என்று மூன்றாவது, நான்காவது என்று அளந்துகொண்டே போவார்கள், ஒவ்வொன்றும் ஏறிக்கொண்டே வரும். இரண்டோடு பட்டையைக் கழற்றிவிடு. தலை கனக்கிறது, படபடக்கிறது என்று நடுராத்திரியில் எடுத்துக் கட்டாதே. எண்ணைப் பார்த்தாலே பயமென்றால் திரையைத் திருப்பி வை, வீட்டில் வேறு யாராவது குறித்துக்கொள்ளட்டும்.

வீட்டிலும் பட்டையைக் கட்டியதும் நெஞ்சு அடித்துக்கொண்டால் 24 மணி நேர பி.பி. பரிசோதனை கேள். இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி, கையில் பட்டை. பகலில் 20, 30 நிமிடத்துக்கு ஒரு தடவை தானாக அளக்கும், இரவிலும் அளக்கும். இறுகும்போது கையை அசைக்காமல் வைத்துக்கொள்வது ஒன்றுதான் உன் வேலை. தூங்கும்போது அடுத்த அளவை எதிர்பார்த்து மனசு காத்திருப்பதில்லை, அதனால் இரவு அளவுக்கு மதிப்பு அதிகம். இரவுச் சராசரி 120/70-க்குக் கீழ், பகல் 135/85-க்குக் கீழ், முழு நாள் 130/80-க்குக் கீழ் இருக்க வேண்டும்.

வீட்டுச் சராசரி 135/85-க்குக் கீழ் இருந்து, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் வேலையைக் காட்டுவது), பொட்டாசியம், சர்க்கரை, கொழுப்பு, அதோடு ஈ.சி.ஜி. எல்லாம் சரியென்றால் பெரும்பாலும் மாத்திரை தேவைப்படாது. டாக்டர் முன்னால் மட்டும் ஏறும் இதை வெள்ளை கோட் பிரஷர் என்பார்கள். ஆனால் இப்படி இருப்பவர்களில் பலருக்குப் பின்னால் நிஜமாகவே பிரஷர் வருகிறது. வருஷத்துக்கு ஒரு முறையாவது இதே ஏழு நாள் கணக்கைப் போட்டுப் பார். இந்த நிலையில் டாக்டர் அறை எண்ணை மட்டும் பார்த்து மாத்திரை போட்டால், வீட்டில் பிரஷர் தேவைக்கு மேல் இறங்கி, எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம்.

சராசரி 135/85-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ சீட்டோடு டாக்டரிடம் திரும்பிப் போ. அவர் போடச் சொன்னால் போடு, வெட்கப்படாதே. பதற்றத்தால் ஏறியதோ பரம்பரையால் ஏறியதோ, ரத்தக் குழாய்க்கு அந்த வித்தியாசம் தெரியாது. சிறுநீரில் அல்புமின் வந்திருந்தால், ஈ.சி.ஜி.யில் இதயத் தசை தடித்திருந்தால் 'வெறும் பயம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. ஐபுபுரோஃபென் வகை வலி மாத்திரை, சளிக்கான சூடோஎஃபெட்ரின், ஸ்டீராய்டு, பெருங்குறட்டை, தைராய்டு மிகுதி இவையும் ஏற்றும். இருந்தால் டாக்டரிடம் சொல். தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து திடீர் திடீரென்று வந்து போனால் அதையும் சொல்.

அம்லோடிபின் மெதுவான மருந்து. தினமும் போட்டு ஒரு வாரம் ஆனால்தான் முழு வேலை தெரியும், பயம் வந்த அன்றைக்கு மட்டும் ஒன்று போடுவதில் பலனில்லை. கணுக்கால் வீங்கினால் சொல், மாற்றுவார்கள். படபடப்புக்கென்று தரும் புரோப்ரனலால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது. அல்பிரசோலம் பதற்றத்தை அடக்கும், பழகியும் விடும். அதைப் பிரஷர் மாத்திரையாக நினைக்காதே. பிரஷரை உடனே இறக்க நிஃபிடிபின் கேப்சூலைக் கடித்து நாக்கின் கீழ் வைக்கச் சொன்னால் கேட்காதே, பிரஷர் சட்டென்று சரிந்து மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் குறையும்.

பதற்றத்துக்குத் தனியாக வைத்தியம் வேண்டும், பிரஷர் மாத்திரை அதைத் தீர்க்காது. பயத்தைக் கிளப்பும் எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றும் சிந்தனை நடத்தைச் சிகிச்சை நல்ல பலன் தரும். செர்ட்ராலின் போன்ற மருந்து வேலை செய்யச் சில வாரம் ஆகும், முதல் சில நாள் படபடப்பு கூடவும் செய்யலாம். பதற்றத்துக்கு வென்லாஃபாக்சின் கொடுத்தால் பிரஷர் இருப்பதைச் சொல், சிலருக்கு அது ஏற்றிவிடும்.

180/120 வந்து, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே அவசர சிகிச்சைக்குப் போ. எதுவும் இல்லையென்றால் ஐந்து நிமிடம் உட்கார்ந்து மறுபடி அள. அப்போதும் இறங்காவிட்டால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடு.

எட்டாம் நாள் நோட்டோடு கருவியையும் எடுத்துக்கொண்டு போ. அவர் கருவியில் ஒன்று, உன் கருவியில் ஒன்று என்று ஒரே கையில் மாற்றி மாற்றி அளந்து பார்க்கச் சொல். சீட்டைக் கிழித்துவிடாதே, அந்த நோட்டிலேயே செருகி வை.

அன்புடன்,
அண்ணன்