பச்சை அட்டை இருந்தால் கேஸ் டார்ச்சைக் கொடுத்துவிடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிறை, பட்டர்வொர்த் பக்கம் பழைய தொழிற்சாலைக் கொட்டகைகளை இடித்து இறக்குவதாகட்டும், ஜார்ஜ்டவுனில் கடைவீடுகளின் உட்புறத்தைப் பிரிப்பதாகட்டும், கேஸ் கட்டிங், அதாவது கேஸ் டார்ச்சின் சுடரால் இரும்பை வெட்டும் வேலை, செய்பவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர். பழைய இரும்பு வியாபாரம் நம் சமூகம் நெடுநாளாகச் செய்துவரும் தொழில் என்பதால் டார்ச் பிடிப்பதும் அதோடு ஒட்டி வந்துவிட்டது. தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்களும் இதே வேலையில் இருக்கிறார்கள். அவர்களை வேலைக்கு எடுக்கும்போது ஃபோர்மேன் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "கட் பண்ணத் தெரியுமா?" கொஞ்சம் கண்டிப்பான இடமென்றால் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபி தரும் பச்சை அட்டையையும் பார்ப்பார்கள். அதோடு சரி.

பச்சை அட்டைக்கான வகுப்பு ஒரு நாள். கட்டுமான இடத்தில் கால் வைக்கிற எல்லாருக்கும் பொதுவான பாதுகாப்பு அறிமுகம் அது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரை எப்படி மாட்டுவது, சுடர் டார்ச்சுக்குள் திரும்பினால் எந்த வால்வை முதலில் மூடுவது என்பதெல்லாம் அந்த வகுப்பின் வேலை இல்லை. பட்டறை மேசையில் தகடு வெட்டிப் பழகியவருக்கும் இதில் பாதிதான் தெரியும். பட்டறைத் தகட்டின் மேல் பாரம் இருக்காது, அதற்குள் என்ன இருக்கிறதோ என்ற சந்தேகமும் வராது. இடிப்புத் தளத்தில் இரண்டும் உண்டு.

முறையான பயிற்சியில் முதல் அரை நாள் நெருப்பே பற்ற வைக்கக் கூடாது. இணைப்பதும் கழற்றுவதுமாகப் பத்துத் தடவை செய்யட்டும். சிலிண்டர் நிமிர்ந்து, சங்கிலி போட்டு நிற்க வேண்டும். எரிவாயுவான அசிட்டிலினின் சிலிண்டருக்குள் நுண்துளைப் பொருளும் அசிட்டோன் திரவமும் இருக்கின்றன. லோரியில் படுக்க வைத்துக் கொண்டுவந்ததை அப்படியே மாட்டினால் அந்தத் திரவம் ரெகுலேட்டருக்குள் வந்துவிடும். நிமிர்த்திக் குறைந்தது ஒரு மணி நேரம் விட்ட பிறகே தொட வேண்டும். சிலிண்டரைத் திறக்கும் முன் ரெகுலேட்டரின் அழுத்தத் திருகு முழுக்கத் தளர்ந்திருக்க வேண்டும். திறப்பவர் ரெகுலேட்டருக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நின்று மெல்லத் திறக்க வேண்டும். ஆக்சிஜனைச் சட்டென்று திறந்தால் 150 பார் அழுத்தம் பாய்ந்து ரெகுலேட்டருக்குள் இருப்பதை ஒரு நொடியில் நசுக்கிச் சூடாக்கும். கிரீஸ் கறை பட்ட கையுறையால் தொட்ட இடம் பற்றிக்கொள்ள அது போதும். அசிட்டிலின் வால்வை ஒன்றரைச் சுற்றுக்கு மேல் திறக்கக் கூடாது, சாவியும் அதிலேயே இருக்கட்டும், அவசரத்தில் தேட நேரம் கிடையாது. குழாயில் அசிட்டிலின் 15 பிஎஸ்ஐ, அதாவது ஏறக்குறைய 1 பாரைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் போனால் ஆக்சிஜன் துளியும் கலக்காமலே தானாகச் சிதைந்து வெடிக்கக்கூடிய வாயு அது. "கேஸ் பத்தல, கொஞ்சம் ஏத்து" என்று கத்துபவர்களுக்கு இது தெரிவதில்லை. பெரும்பாலும் அங்கே பத்தாமல் போவது கேஸ் இல்லை. டார்ச்சின் முனை அடைத்திருக்கும், அல்லது தகட்டின் தடிமனுக்குப் பொருந்தாத முனையைப் போட்டிருப்பார்கள். 10, 12 மி.மீ. தகட்டுக்கு 3/64 அங்குல முனையும் 2 பார் அளவு ஆக்சிஜனும் போதும். மற்ற தடிமனுக்கு முனை தயாரித்தவரின் அட்டவணையைப் பார்க்க வேண்டும்.

கசிவைச் சோப்பு நீரால் பார்க்க வேண்டும், எண்ணெய்ப் பசை இல்லாத சோப்பாக. வால்வின் கழுத்து, ரெகுலேட்டர் மூட்டு, குழாய்க் கிளிப், டார்ச் மூட்டு என்று ஒவ்வொன்றாகத் தடவ வேண்டும். பெரிய குமிழி வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவோம். குண்டூசித் தலை அளவுக்கு ஒரு வெள்ளை நுரை தோன்றி, பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் அதன்மேல் ஒன்று என்று மெதுவாகக் கூடும். அதைக் காண ஓர் இடத்துக்குப் பத்து விநாடியாவது கண்ணை எடுக்காமல் பார்க்கிற பொறுமை வேண்டும். கம்பி சுற்றிக் கட்டிய குழாய் மூட்டைக் கண்டால் சோதிக்கவே வேண்டாம், வெட்டிப் போட்டுவிட்டுச் சரியான கிளிப் போடச் சொல்லலாம்.

செலவு குறைவென்று இப்போது பல இடங்களில் அசிட்டிலினுக்குப் பதில் சமையல் கேஸான எல்பிஜி வைத்து வெட்டுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அசிட்டிலின் முனையை எல்பிஜிக்குப் போடக் கூடாது, இரண்டின் அமைப்பும் வேறு. எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் பள்ளம், சாக்கடை, லிஃப்ட் குழி, அடித்தளம் என்று தேடிப்போய்த் தங்கும், மேலே நிற்பவர் மூக்குக்கு வாடையே வராது. சிலிண்டரை அடித்தளத்துக்குள் இறக்காமல் குழாயை மட்டும் இறக்குவதே நல்லது. சாப்பிடப் போகும்போது டார்ச்சை உள்ளேயே போட்டுவிட்டுப் போகக் கூடாது. ஆக்சிஜன் கசிவும் லேசானதில்லை. காற்றில் 23.5 விழுக்காட்டைத் தாண்டினால் சட்டையே திரிபோல எரியும். வேர்வைக்கு ஆக்சிஜனைத் திறந்து காற்று வாங்குவதும், உடம்புத் தூசியை அதால் ஊதிக்கொள்வதும் இன்றும் நடக்கிறது.

பற்ற வைக்கும் முன் ஒவ்வொரு குழாயையும் தனித்தனியே சில விநாடி திறந்துவிட்டு, உள்ளே கலந்து கிடக்கும் வாயுவை வெளியேற்ற வேண்டும். திறந்த வெளியில், பக்கத்தில் நெருப்பில்லாத இடத்தில் செய்ய வேண்டும். பலர் விட்டுவிடும் படி இது. சுடர் குழாய்க்குள் திரும்புவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்றும் இதுதான். மற்றவை: முனை இரும்பில் இடிப்பது, முனை தளர்ந்திருப்பது, சிலிண்டர் காலியாகும்வரை விடாமல் வெட்டுவது. 'டப்' என்று ஒரு சத்தத்தோடு அணைந்தால் நின்று காரணம் பார்க்கலாம். டார்ச்சுக்குள் விசில் மாதிரி கீச்சென்று கேட்டு, கைப்பிடி சூடேறினால் உள்ளேயே எரிகிறது என்று பொருள். உடனே டார்ச்சில் ஆக்சிஜனை மூடு, அடுத்து கேஸை மூடு, பிறகு சிலிண்டர்களை மூடு. வழக்கமாக வேலை முடித்து அணைக்கும்போது கேஸை முதலில் மூடுகிற கைக்கு இந்த மாற்று வரிசை தானாக வராது. அதனால் நெருப்பில்லாத டார்ச்சில், பயிற்றுநர் திடீரென்று விசில் ஊத, மூடிப் பழக வேண்டும். ரெகுலேட்டர் பக்கம், திரும்பி வரும் சுடரைத் தடுக்கும் ஃபிளாஷ்பேக் அரெஸ்டரும் டார்ச் பக்கம் ஒருவழி வால்வும் இரண்டு குழாயிலும் இருக்க வேண்டும். அசிட்டிலின் சிலிண்டரின் உடம்பு சூடேறிவிட்டால் அதை நகர்த்தவே கூடாது. ஆட்களை விலக்கிவிட்டு 999-க்கு அழைக்க வேண்டும். வெளியே நெருப்பு அணைந்த பிறகும் உள்ளே சிதைவு பல மணி நேரம் தொடரலாம்.

இனி இரும்புக்கு வருவோம். 200 மி.மீ. எச் பீம் (எச் வடிவ இரும்பு உத்தரம்) ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 50 கிலோ. 6 மீட்டர் துண்டு 300 கிலோ. 10 மி.மீ. தகடு ஒரு சதுர மீட்டருக்கு 78 கிலோவுக்கு மேல். இந்தக் கணக்கை மனதில் போடத் தெரியாதவர் கையில் டார்ச் இருப்பது ஆபத்து. இரண்டு முனையிலும் தாங்கி நடுவில் பாரம் சுமக்கும் பீமில் மேல் விளிம்பு நசுங்கிக்கொண்டும் கீழ் விளிம்பு இழுபட்டுக்கொண்டும் இருக்கும். மேலிருந்து வெட்டினால் வெட்டிய பிளவு மூடிக்கொள்ளும், டார்ச் முனை மாட்டிக்கொள்ளும். கீழிருந்து வெட்டினால் கடைசிச் சில சென்டிமீட்டர் சுடருக்காகக் காத்திராமல் படாரென்று கிழியும், பீமின் வெட்டுண்ட முனைகள் துள்ளும். எதை எந்த வரிசையில் வெட்டுவது என்பதைப் பொறியாளர் எழுதித் தர வேண்டும், வெட்டுபவர் சாக்பீஸால் அதை இரும்பின் மேலேயே குறித்துக்கொள்ள வேண்டும். விழப்போகும் துண்டை முதலிலேயே கிரேன் பிடித்திருக்க வேண்டும். பாரத்தைக் கட்டித் தூக்க நைலோன் பட்டை ஸ்லிங் வேண்டாம், உருகிய கசடு ஒரு சொட்டு பட்டால் போதும். கம்பிக் கயிறோ சங்கிலியோ போட்டு, வெட்டும் கோட்டிலிருந்து தள்ளிக் கட்ட வேண்டும். உயரத்தில் நிற்பவர் விழாமல் காக்கும் ஹார்னஸ் கயிற்றுக்கும் இதே கதைதான், தீப்பொறி தாங்கும் வகை வேண்டும். வெட்டப்படும் துண்டின் மேல் உட்கார்ந்து வெட்டக் கூடாது என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுத வேண்டியிருக்கிறது.

மூடிய எதையும் திறக்காமல் சூடாக்கக் கூடாது. இரு முனையும் அடைத்த கைப்பிடிக் குழாய், ஹைட்ராலிக் சிலிண்டர், மூடிய சதுரக் குழாய் எல்லாம் உள்ளே இருக்கும் காற்றாலேயே வெடிக்கும். முதலில் துளை போட வேண்டும். எண்ணெய் பீப்பாயும் டீசல் தொட்டியும் இன்னும் மோசம். "டீசல்தானே, பத்தாது" என்பார்கள். சாதாரண வெயிலில் பற்றாதுதான். டார்ச் சூட்டில் சுவரில் ஒட்டிய எண்ணெய்ப் படலம் ஆவியாகும், அந்த ஆவி பற்றும். காலியான பீப்பாய் என்று சொல்வதும் தவறு, அதில் திரவம் இல்லை, அவ்வளவே. கழுவி, காற்றோட்டம் கொடுத்து, கருவி வைத்து அளந்த பிறகே ஹாட் வொர்க் பெர்மிட், அதாவது நெருப்பு வேலைக்கான அனுமதிச் சீட்டு, தர வேண்டும். ஆள் உள்ளே இறங்குவதாக இருந்தால் ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 விழுக்காட்டுக்குள், எரியும் ஆவி அது வெடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில் 10 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும். சந்தேகமென்றால் ஹைட்ராலிக் கத்தரியால் நறுக்கலாம், சுடரே தேவையில்லை.

தீப்பொறி 10, 11 மீட்டர் போகும், உயரத்திலிருந்து விழுந்தால் இன்னும் அதிகம். கடைவீட்டு மேல்மாடியில் பலகைத் தரையின் இடுக்கைப் பாருங்கள். மிளகு அளவு கசடு ஒன்று உருண்டு போய் அதற்குள் விழும். உள்ளே பல ஆண்டுத் தூசி, கரையான் அரித்த உத்தரம், பறவைக் கூட்டுச் சருகு. புகை உடனே வராது. எல்லாரும் கை கழுவிக் கிளம்பிய பிறகுதான் வரும். பிறைப் பக்கத் தொழிற்சாலைகளில் குளிர்க்கோபுரத்தின் உட்புறப் பிளாஸ்டிக் அடுக்கும், குளிரறைச் சுவரின் நுரைப்பலகையும் இதே ரகம். வெட்டும் முன் இடுக்குகளை மூடி, பலகையை நனைத்து, தண்ணீர்க் குழாயும் 9 கிலோ ஏபிசி தீயணைப்பானும் பக்கத்தில் வைத்து, தீயைக் கவனிப்பதைத் தவிர வேறு வேலை எதுவும் இல்லாத ஓர் ஆளை நிறுத்த வேண்டும். அவர் வேலை முடிந்த பிறகும் 60 நிமிடம் அங்கேயே இருக்க வேண்டும், கீழ்மாடியையும் போய்ப் பார்த்து வர வேண்டும்.

உடுப்பு, சாயம் பற்றிச் சுருக்கமாக: காற்பந்து ஜெர்சி உருகி உடம்பில் ஒட்டும், பருத்தியும் தோலும்தான் சரி. பாக்கெட்டில் லைட்டர் கூடாது. பழைய இரும்பின் செந்நிற அடிச்சாயத்தில் ஈயம் இருக்கலாம். வெட்டும் கோட்டின் இருபுறமும் 10 செ.மீ. சுரண்டிவிட்டு, உலோகப் புகைக்கு உரிய முகமூடி போட வேண்டும். துத்தநாகம் பூசிய இரும்பை வெட்டும்போது வரும் புகைக்குப் பால் குடித்தால் சரியாகும் என்பது வெறும் நம்பிக்கை. பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது.

இத்தனையும் மேசையில் உட்கார்ந்து மலாய் மொழி ஸ்லைடு பார்த்தால் வராது. ஒரு பயிற்றுநருக்கு ஆறு பேருக்கு மேல் வேண்டாம். தமிழ், வங்காளம், நேப்பாளி என்று அவரவர் மொழியில் சொல்லிக் கொடுக்க வேண்டும். தரையில் தகடு, முக்காலியில் பீம், அப்புறம் செயின் பிளாக்கால் (கைச்சங்கிலிக் கப்பியால்) பாரம் ஏற்றிய பீம் என்று படிப்படியாகப் போகட்டும். கடைசித் தேர்வாக மூடியோடு ஒரு பீப்பாயை முன்னால் வைத்து "இதை வெட்டு" என்று சொல்ல வேண்டும். "முடியாது" என்று சொல்பவருக்கே சான்றிதழ். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கும் திருத்தம், முதலாளியிடம் சொல்லியும் உடனடி ஆபத்து நீங்காவிட்டால் அங்கிருந்து விலகும் உரிமையைத் தொழிலாளிக்குக் கொடுக்கிறது. அது நம் ஆட்களில் எத்தனை பேர் காதுக்கு எட்டியிருக்கும்? அதே திருத்தத்தில் முதலாளிக்கான உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ஆகியிருப்பதும் குத்தகையாளர்கள் காதுக்கு எட்டட்டும்.

இடிப்புக்கு அனுமதி தரும் மாநகர் மன்றங்கள், டார்ச் பிடிக்கப் போகிறவர்களின் பெயரையும் அவர்கள் பெற்ற செய்முறைப் பயிற்சியையும் விண்ணப்பத்தோடு கேட்கலாம். இடிப்பு வேலையைப் பழைய இரும்பின் விலையை வைத்தே பேசி முடிப்பதால்தான் எல்லாருக்கும் அவசரம். இரும்பு சீக்கிரம் லோரி ஏற வேண்டும். விலை பேசும்போதே தீயைக் கவனிப்பவரின் அந்தக் கடைசி ஒரு மணி நேரக் கூலியைத் தனி வரியாக எழுதிவிட்டால், மாலை 5 மணிக்கு அவரை வீட்டுக்கு அனுப்ப யாருக்கும் காரணம் இருக்காது.

இப்படிக்கு,
வெல்டிங், கேஸ் கட்டிங் பயிற்றுநர்கள் சிலர்,
பட்டர்வொர்த், பினாங்கு.